சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும் தரைமூடிச் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் வீடு. வாசலில் மண்ணே தெரியாமல் ஊதாவும் பச்சையுமாகச் செடி படர்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, காலையில் நடக்கப் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே சந்தேகம் கேட்பார்கள். சின்னம்மா வீடு ஏற்காட்டில். அங்கே போனால் அவருடைய அக்கம்பக்கத்தாரும் அதையேதான் கேட்பார்கள், ஆனால் பதில் வேறாக இருக்கும். இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை. வாங்கி, சாகடித்து, மறுபடி வாங்கி நட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

தரைமூடின்னா என்னக்கா? புல்லுத்தரைதானா அது?

இல்லை. மேலே உயராமல் பக்கவாட்டில் படர்ந்து மண்ணை மறைக்கும் எந்தச் செடியும் தரைமூடிதான். பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள் நிற்கும். நர்சரியில் 'கிரவுண்ட் கவர்' என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

புல்தரையில் உட்காரலாம், பிள்ளைகள் ஓடலாம். அதற்கு விலையாக வெட்டிக்கொண்டும் தண்ணீர் விட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். தரைமூடிக்கு அந்த வேலை குறைவு. ஆனால் பெரும்பாலானவற்றின் மேல் நடக்க முடியாது.

அதுக்குப் பேசாம சிமெண்ட் போட்டுட்டா சுத்தமா இருக்குமே?

இருக்கும். சித்திரை மாதம் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தச் சிமெண்ட் மேல் வெறுங்காலோடு நின்று பாருங்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டு மிச்சத்தை மண்ணாக விட்டால் வீடும் கொஞ்சம் ஆறும், மழைத் தண்ணீரும் தெருவுக்கு ஓடாமல் உங்கள் மண்ணில் இறங்கும்.

மே மாசம் ஏற்காட்டு மலர்க் கண்காட்சிக்குப் போனப்ப 'ஹார்டி செடி, சாகவே சாகாது'ன்னு சொன்னாங்க. வாங்கிட்டு வந்தேன், பதினஞ்சு நாள்ல கருகிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. 'ஹார்டி' என்பது குளிர் நாட்டுத் தோட்டக்காரர்களின் சொல். உறைபனியைத் தாங்கி அடுத்த வசந்தத்தில் துளிர்க்கிற செடிக்கு அங்கே அந்தப் பெயர். சேலத்தில் உறைபனி ஏது? இங்கே செடியைக் கொல்வது 40 டிகிரி வெயிலும், ராத்திரியிலும் ஆறாத மண்ணும்தான். அதைத் தாங்குமா என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் கிடையாது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி போல வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்குள் 8 டிகிரி மாறிவிடுகிறது. மேலே மூடுபனியில் வளர்ந்த செடியை வருடத்திலேயே மிக மோசமான மாதத்தில் கீழே கொண்டுவந்து, அதே வாரம் வெயிலில் நட்டால் எதுதான் பிழைக்கும்?

'இது ஹார்டியா?' என்று கேட்காமல், 'இது எங்கே வளர்ந்தது? கீழே எத்தனை கோடை பார்த்திருக்கிறது?' என்று கேளுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கவரோடு நிழலில் வைத்து, ஆடி வரை காப்பாற்றிவிட்டு அப்புறம் நடுங்கள்.

சரி, சேலத்து வெயிலுக்கு எதுதான் தாங்கும்? நாலு பேர் சொல்லுங்க.

முதலில் ஊதா நிற டிரெடஸ்காண்டியா. நர்சரியில் 'பர்ப்பிள் ஹார்ட்' என்பார்கள். தண்டு ஒடிந்து விழுந்த இடத்திலேயே வேர் விடும். வெயில் படப்பட நிறம் கூடும், நிழலில் வைத்தால் பச்சையடித்துப் போகும். இரண்டாவது டேபிள் ரோஸ், பத்து மணிப் பூ என்றும் சொல்வார்கள். நம்ம பருப்புக்கீரைக்குப் பங்காளி. சதைப்பற்றான இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் பூக்கும், மத்தியானத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். அடைமழையில் மட்டும் அழுகும்.

நீலப் பூ வேண்டுமென்றால் எவால்வுலஸ். சாம்பல் பூத்த இலை, சின்னச் சின்ன நீலப் பூ, தண்ணீர் தேங்காத இடம் போதும். இலையின் மேல்புறம் பச்சையும் அடிப்புறம் ஊதாவுமாக வரும் ரியோவும் நல்ல உழைப்பாளி. சிவப்பும் மஞ்சளுமாக எல்லாப் பூங்காவிலும் வரைந்து வைத்திருப்பார்களே, அந்த ஆல்டர்நாந்திரா பொன்னாங்கண்ணியின் சொந்தம். அழகுதான், ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கத்தரி போடாவிட்டால் வெறுந்தண்டாக நீண்டு நிற்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

ஊதாப் பூ பூக்கும் படர் லாண்டானாவும் வறட்சியைத் தாங்கும். அதை வைக்கும் முன் கீழே வெடேலியாவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு ஏற்காட்டுல வீடு. இதே செடிங்களை வைக்கலாமா?

பாதியை வைக்கலாம். டேபிள் ரோஸ் வேண்டாம். வெயில் போதாது, ஈரத்தில் தண்டு கூழாகிவிடும். மேலே பிரச்சினை வறட்சி இல்லை. ஈரம், மூடுபனி, சில்வர் ஓக் நிழல். அதனால் புல் போல இலை விடும் லிரியோப், மாண்டோ புல், ஃபெர்ன் வகைகள், பிகோனியா, இம்பேஷன்ஸ் இதெல்லாம் அங்கே சொந்த வீட்டில் இருப்பதுபோல வளரும். இம்பேஷன்ஸ் ஒரு தடவை வைத்தால் விதை தெறித்து அடுத்த வருடம் தானே வரும். ஐவிக் கொடியும் நன்றாகப் படரும், மரத்தில் மட்டும் ஏறவிடாதீர்கள்.

காப்பித் தோட்டம் இருந்த மண் என்றால் இலைமக்கு நிறைய இருக்கும். உரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

வேப்பமரத்தடியில எது வச்சாலும் வர மாட்டேங்குது. நிழல்தான் காரணமா?

நிழல் பாதிக் காரணம். மீதிப் பாதி, மரத்தின் வேர் தண்ணீரை முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுவது. நிழல் செடிக்கு ஈரம் வேண்டும், மரமோ ஈரத்தை விடுவதில்லை. இந்த இரண்டையும் பொறுத்துக்கொள்பவை குறைவு. ரியோ, சிங்கோனியம், தரையில் படரவிட்ட மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட் இவை சமாளிக்கும். இலையில் ஈய நிறம் மின்னும் ஹெமிகிராஃபிஸும் வரும். கேரளத்தில் அதைத்தான் முறிகூட்டி என்கிறார்கள்.

வேரை வெட்டிக் குழி பறிக்காதீர்கள், மண்ணைக் கொட்டி அடிமரத்தை மூடவும் வேண்டாம். வேர்களுக்கு இடையில் கையளவு இடம் கிடைக்கும் இடத்தில் மக்கின எரு போட்டுச் சின்னச் செடியாக நடுங்கள். தென்னை மரத்தடி என்றால் இன்னும் நல்ல வழி உண்டு: புல் நிலக்கடலை. நிலக்கடலை போலவே இலை, மஞ்சள் பூ. வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து மண்ணில் சேர்க்கும்.

எந்த மாசம் நடணும்?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இதற்கும் பொருந்தும். சேலத்துக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நல்ல மழை. ஆடியில் நட்டால் ஐப்பசிக்குள் வேர் பிடித்து, பங்குனி வெயிலுக்குத் தயாராகிவிடும். மாசிக்கு மேல் நடுவது தண்ணீருக்குப் பிடித்த தண்டம்.

ஏற்காட்டில் கோடை மழை விழுந்ததுமே வைகாசியில் தொடங்கிவிடலாம். சரிவான இடமாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மண்ணைக் கிளறவே கூடாது. ஏன் என்பது கீழே சரிவுக் கேள்வியில் இருக்கிறது.

ஒரு சென்ட்டுக்கு எத்தனை செடி வேணும்? நர்சரில ஆயிரம் கவர்ங்கறாங்க.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு அடிக்கு ஒன்று நட்டால் 436 செடி. முக்கால் அடிக்கு ஒன்று என்றால் 775. அரை அடிக்கு ஒன்று என்றால் 1,740-ஐத் தாண்டிவிடும். இடைவெளியைப் பாதியாக்கினால் செடி நாலு மடங்காகும் என்பதை வாங்குகிறவர் கவனிப்பதில்லை, விற்கிறவர் சொல்வதுமில்லை.

வேகமாகப் படரும் டிரெடஸ்காண்டியாவுக்கு ஒரு அடி போதும். மெதுவாகப் பெருகும் மாண்டோ புல்லுக்கு அரை அடி வேண்டும். நான் எப்போதும் 50 கவர் வாங்கி, ஒரு ஓரத்தில் நெருக்கமாக நட்டு, மூன்று மாதம் கழித்து அதிலிருந்தே ஒடித்து மிச்ச இடத்தை நிரப்புவேன். அவசரம் கிரகப்பிரவேசக்காரர்களுக்குத்தான்.

ஒடிச்சு நட்டாலே வந்துடுமா? வேர் மருந்து ஏதும் வேண்டாமா?

டிரெடஸ்காண்டியா, டேபிள் ரோஸ், ஆல்டர்நாந்திரா மூன்றுக்கும் எந்த மருந்தும் வேண்டாம். நாலு விரல் நீளத்துக்கு ஒடித்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி செருகினால் போதும். டேபிள் ரோஸை ஒடித்து ஒரு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபின் செருகினால் அழுகல் குறையும். லிரியோப், மாண்டோ புல், ரியோ இவற்றைத் தூரைப் பிரித்து நட வேண்டும்.

எவால்வுலஸ் மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். பத்துக் குச்சி செருகினால் ஐந்து வந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

நட்ட ஒரு மாசத்துல செடியை விடக் கோரைதான் ஜாஸ்தியா நிக்குது. என்ன பண்றது?

இதைச் செடி நடும் முன்பே கேட்டிருக்க வேண்டும். கோரை இலையைப் பிடுங்கினால் கீழே கிழங்கு அப்படியே இருக்கும், வாரத்தில் திரும்ப வரும். நடுவதற்கு முன் ஒரு சாணுக்கு மேல் கொத்தி, கிழங்கைக் கையால் பொறுக்குவது ஒன்றுதான் நம்பகமான வழி. சலிப்பான வேலை. எங்கள் வீட்டில் அரை சென்ட்டுக்கு இரண்டு பேர் மூன்று நாள் பொறுக்கினோம்.

சித்திரை வெயிலில் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை இழுத்து மூடி நாலு முதல் ஆறு வாரம் வைத்தால், மேல் மண்ணில் இருக்கும் மற்றக் களை விதைகள் வெந்துவிடும். சேலத்து வெயிலால் கிடைக்கும் ஒரே லாபம் இது. கோரைக் கிழங்கு அதற்கும் முழுசாகச் சாகாது. நட்டபிறகு முளைப்பதை, நாலு இலை வருவதற்குள் களைக்கொத்தால் கிழங்கோடு எடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு வருடத்தில் தரைமூடி நெருங்கி நிழல் கொடுத்தால் கோரை மெலிந்துபோகும், நிழலை அது விரும்பாது.

நாங்க மாமாங்கம் பக்கம். தோண்டினா வெள்ளைக்கல்லுதான் வருது. இலையெல்லாம் மஞ்சளாகுது, யூரியா போட்டும் சரியாகலை.

யூரியாவை நிறுத்துங்கள். உங்கள் பக்கத்து வெள்ளைக்கல்லைப் பலர் சுண்ணாம்பு என்று நினைக்கிறார்கள். அது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். அந்த மண்ணில் மக்னீசியம் மிகுதி, அதோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைவு. களர்போலக் காரத்தன்மை கூடியிருக்கும். காரம் கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புப் பற்றாக்குறை. பழைய இலை முதலில் மஞ்சளானால்தான் தழைச்சத்துக் குறை, அதற்குத்தான் யூரியா.

உடனடி வைத்தியம் அன்னபேதி உப்பு, அதாவது இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூட அரை மூடி எலுமிச்சைச் சாறு. சாயங்காலம் இலைமேல் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள். நிரந்தர வழி என்றால், ஒரு அடி உயரத்துக்கு வெளிச் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து மேடை போடுவதுதான். ஜிப்சம் போட்டால் சுண்ணாம்புச் சத்து கிடைத்து மக்னீசியம் இறங்கும். சுண்ணாம்புத் தூளைப் போட்டால் காரம் இன்னும் ஏறும்.

வேடிக்கை என்னவென்றால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் தலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட், காலில் மேக்னசைட். மேலே மண் புளிப்பு, கீழே காரம். புல் நிலக்கடலை மலைமேல் பச்சையாக நிற்கும், உங்கள் தெருவில் மஞ்சளடிக்கும். ஊதா டிரெடஸ்காண்டியாவும், கீழே சொல்லப்போகும் பொடுதலையும் உங்கள் மண்ணை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

போர் தண்ணி ஒரே உப்பு. ஆர்ஓ மெஷின்ல வர்ற வேஸ்ட் தண்ணியை ஊத்தலாமா?

உள்ளே போகும் தண்ணீரின் உப்பெல்லாம் குறுகிச் சேர்ந்து வருவதுதான் அந்தக் கழிவுத் தண்ணீர். மேட்டூர்த் தண்ணீரைப் போட்டு வடிகட்டினால் கழிவும் மோசமிருக்காது, ஊற்றலாம். உப்புப் போர் தண்ணீரைப் போட்டால் கழிவு அதைவிட உப்பாக வரும். அதைத் தினமும் ஒரே இடத்தில் ஊற்றினால் ஆறு மாதத்தில் மண்மேல் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும்.

ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. ஃபெர்னுக்கு அதுதான் அமிர்தம். துணி துவைத்த தண்ணீரில் கடைசி அலசல் மட்டும் பரவாயில்லை.

தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

நட்ட முதல் மூன்று வாரம் தினமும் கொஞ்சம். அடுத்த ஒரு மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் வாரம் ஒரு முறை, ஆனால் அரை அடி ஆழம் நனையும்படி. கோடையில் வாரம் இரண்டு. விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டு ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதால் வளர்வது கோரைதான்.

மஞ்சப் பூ பூக்குமே வெடேலியா, அது சுலபமா வருதாமே? ஏன் அதைச் சொல்ல மாட்டேங்கறீங்க?

சுலபமாக வருவதால்தான். எங்கள் வீட்டில் முதலில் வைத்தது அதுதான். நர்சரிக்காரர் கையளவு சும்மாவே கொடுத்தார், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரே வருடத்தில் காம்பவுண்டைத் தாண்டி, பக்கத்துக் காலி மனையில் இறங்கி, சாக்கடை ஓரமாகத் தெருமுனை வரை போய்விட்டது. ஒவ்வொரு கணுவிலும் வேர். பிடுங்கி எறிந்த இடத்திலும் வேர். மனைக்காரர் வந்து சத்தம் போட்டபிறகு, முழுசாக ஒழிக்க இரண்டு மழைக்காலம் ஆனது.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் பட்டியலில் வெடேலியா இருக்கிறது. சேர்வராயன் மலைச் சரிவெல்லாம் புதராக நிற்கும் உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான். உண்ணியும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். முன்பு சொன்ன படர் லாண்டானா அதன் தங்கை. சேலத்தில் சிமெண்ட் ஓரம் கட்டிய பாத்திக்குள் வைத்துக் கத்தரி போட்டுக்கொள்ளுங்கள். வெடேலியாவையோ லாண்டானாவையோ ஏற்காட்டுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் காடு.

ஏற்கனவே வைத்துவிட்டவர்கள் மழை பெய்த மறுநாள் பிடுங்குங்கள், வேரோடு வரும். ஓடையில் கொட்டாமல் மொட்டைமாடியில் போட்டுச் சருகாகும்வரை காயவிடுங்கள். நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணியும் பார்க்க இதேபோல இருக்கும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

எல்லாம் வெளிநாட்டுச் செடியாவே சொல்றீங்களே. நம்ம ஊர்ல எதுவும் இல்லையா?

இருக்கிறது, நர்சரியில்தான் கிடைக்காது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே, அதேதான். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படரும். மூக்கனேரிப் பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து எட்டு வருடமாகிறது. தரையோடு தரையாகப் பாய் விரித்ததுபோலக் கிடக்கும், வெள்ளையும் ஊதாவுமாகப் பொத்தான் அளவில் பூக்கும். முதல் மூன்று மாதம் ஈரம் கேட்கும். ஆழமாக வேர் போனபின் வறட்சி, உப்புத் தண்ணீர் இரண்டையும் தாங்கும். மேலே நடந்தாலும் சாகாது. பூத்திருக்கும்போது தேனீ வரும், அதனால் வெறுங்காலோடு மட்டும் நடக்காதீர்கள்.

குழாயடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் நிழல் மூலைக்கு வல்லாரை. அழகுக்கு அழகு, துவையலுக்குத் துவையல். விஷ்ணுகிராந்தி, மேலே சொன்ன எவால்வுலஸின் நாட்டு உறவு, கரட்டு மண்ணில் தானே வரும். பிடுங்கி நட்டு நான் மூன்று முறை தோற்றேன். விதை எடுத்துத் தூவியபிறகுதான் வந்தது.

மண்ணை மூடிட்டா பாம்பு வந்து படுத்துக்காதா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பாம்பு செடிக்காக வருவதில்லை, எலிக்கும் தவளைக்கும் வரும். செங்கல் குவியல், விறகு, தேங்காய் மட்டை, சிந்திய கோழித்தீவனம் இவைதான் அழைப்பிதழ். அதே சமயம் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அடர்ந்த செடிக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் நான் செய்வது இதுதான். ஒரு சாணுக்கு மேல் வளரவிடுவதில்லை. வாசற்படியிலிருந்தும் சுவரிலிருந்தும் இரண்டு அடிக்கு வெறும் ஜல்லி. நடக்கும் வழியில் பலகைக்கல். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை, செடிக்குள் கை விடும் முன் குச்சியால் தட்டிவிடுவேன். மீறிக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேராகப் பெரிய அரசு மருத்துவமனைக்கு.

வீட்டுல குழந்தையும் நாயும் இருக்கு. எதைத் தவிர்க்கணும்?

சிங்கோனியம், மணி பிளான்ட் இரண்டையும் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். டிரெடஸ்காண்டியாவின் சாறு சிலருக்கு அரிக்கும், அதில் புரளும் நாய்க்கும் வயிற்றில் தடிப்பு வரலாம். லாண்டானா ஆடு மாட்டுக்கு ஈரலைக் கெடுக்கும் விஷம். மாடு கட்டும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

நித்தியகல்யாணியைப் பற்றியும் இதோடு கேட்பார்கள். வெயிலுக்கு அதைவிடத் திடமான பூச்செடி கிடையாது. ஆனால் தின்றால் விஷம், ஆடுகூடத் தொடாது. புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். சுடுகாட்டுப் பூ என்று சொல்லி என் மாமியார் வாசலில் வைக்க விடவில்லை. பின்பக்கம் வைத்திருக்கிறேன்.

ரெண்டாவது வருஷம் நடுவுல மட்டும் வழுக்கையாயிடுச்சு. நோயா?

வயசு. படரும் செடி ஓரத்தில் இளசாகவும் நடுவில் குச்சியாகவும் போவது இயல்பு. ஆடி மழை தொடங்கியதும் இரண்டு விரல் உயரம் விட்டு மொத்தமாக வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, வெட்டுங்கள். வெட்டியதில் நல்ல நுனிகளை வழுக்கையில் செருகி, மேலே ஒரு விரல் கனத்துக்குச் சலித்த எருவைத் தூவினால் ஆறு வாரத்தில் மூடிவிடும்.

வழுக்கையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒரு முறை மூன்று வாரம். அடிப்பக்கம் நனைய வேண்டும்.

காண்ட்ராக்டர், கருப்பு ஷீட் விரிச்சு ஓட்டை போட்டு நட்டா களையே வராதுங்கறார். சரியா?

புதருக்குச் சரி, தரைமூடிக்குச் சரியில்லை. இந்தச் செடிகள் படர்வதே கணுவுக்குக் கணு வேர் ஊன்றித்தான். கீழே ஷீட் இருந்தால் ஊன்ற இடமில்லாமல் ஒரே தூரிலிருந்து நீண்டு, சூட்டில் வெந்து நிற்கும். இரண்டு வருடத்தில் ஷீட்டின் மேலே படியும் தூசியில் களை முளைக்கும், கோரையோ ஷீட்டையே குத்திக்கொண்டு வரும். அந்தக் காசைக் கிழங்கு பொறுக்க ஆள்கூலியாகக் கொடுங்கள்.

ஏற்காட்டுல வீட்டுக்குப் பின்னாடி சரிவு. மழைக்கு மண்ணு இறங்குது. தரைமூடி வச்சா நின்னுடுமா?

மேல் மண் அரிப்பது நிற்கும், மண் சரிவது நிற்காது. இரண்டும் வேறு. இந்தச் செடிகளின் வேர் ஒரு அடிக்குள்தான் இருக்கும், அதற்குக் கீழே இருக்கும் மண் தண்ணீர் குடித்து மொத்தமாக நகர்ந்தால் செடியும் சேர்ந்து வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்தபோது மரமே வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டிய சரிவு என்றால் முதலில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்ட தாங்குசுவர், அப்புறம்தான் செடி.

மெதுவான சரிவு என்றால், சரிவுக்குக் குறுக்கே நாலடிக்கு ஒரு வரிசை வெட்டிவேர், இடையில் லிரியோப்பும் ஃபெர்னும் முக்கோண முக்கோணமாக. நேர்வரிசையாக நட்டால் இடைவெளியே வாய்க்கால் ஆகிவிடும். முதல் மழைக்காலத்துக்குத் தேங்காய் நார் வலையை முளையடித்து விரித்து, கண்ணிகளுக்குள் நடுங்கள். வலை மக்குவதற்குள் வேர் பிடித்துவிடும். காட்டெருமை இறங்கும் பாதையாக இருந்தால், அந்த வழியை விட்டுவிட்டு மற்ற இடத்தில் நடுவது நல்லது. அதனோடு மல்லுக்கட்ட முடியாது.

சேலத்துல நல்லா வந்த செடியை மேல எடுத்துட்டுப் போய் வைக்கலாம்தானே?

தொட்டியோடு வேண்டாம். கீழ் மண்ணில் கோரைக் கிழங்கு, நத்தை முட்டை, வெடேலியாத் துண்டு எது வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு போகும். நுனிகளை மட்டும் ஒடித்து, கழுவி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். மேலிருந்து கீழே வரும்போதும் இதே வழிதான், மலர்க் கண்காட்சி மாதத்தைத் தவிர.

நான் இப்படிச் சின்னம்மா வீட்டுக்கு ஏழு வகை கொண்டுபோனேன். டேபிள் ரோஸ் ஐப்பசியில் அழுகியது, எவால்வுலஸ் பூக்கவே இல்லை. ஆல்டர்நாந்திராவைச் சின்னம்மா கீரை என்று நினைத்துப் பொரியல் செய்துவிட்டார். ஊதா டிரெடஸ்காண்டியா மட்டும் இரண்டு வீட்டிலும் நிற்கிறது, அங்கே கொஞ்சம் குள்ளமாக, மார்கழியில் வளர்ச்சியே இல்லாமல்.